பழைய சவரக்கத்தி பிளேடுல படம் பார்த்திருக்கீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

யார்க்‌ஷயர் தமிழன்:
மடக்குற சவரக்கத்தி சேர்க்குற பைத்தியம் எனக்கு ரொம்ப வருஷமா உண்டு. இங்க இங்கிலாந்துல ஞாயித்துக்கிழமையானா கார் பூட் சேல்னு மைதானத்துல கடை போடுவாங்க, அங்க ஒரு பெட்டியில துருப்பிடிச்ச ஸ்பூனுக்கு நடுவுல ஒரு வேட் அண்ட் பட்சர் (ஷெஃபீல்டுல இருந்த பழைய கத்திக் கம்பெனி) கிடந்துச்சு, வால்ல, அதாவது பிளேடு கைப்பிடியோட சேர்ற பக்கத்துல, அம்பும் சிலுவையும் போட்ட முத்திரையைப் பார்த்ததும் நான் பேரமே பேசல. வீட்டுக்கு வந்து துடைச்சு லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பார்த்தா பிளேடுல ரெக்கை விரிச்ச கழுகு! காலு நகத்துல அம்புக்கட்டு, அலகுல ஒரு ரிப்பன். நேரா புடிச்சா ஒண்ணுமே தெரியாது, சாய்ச்சாதான் வரும்.

அமெரிக்கக் கழுகுக்கு இங்கிலாந்தோட கத்தி ஊரான ஷெஃபீல்டுல செஞ்ச கத்தியில என்ன வேலைன்னு தோணுமில்ல? அந்தக் காலத்துல ஷெஃபீல்டுக்குப் பெரிய கஸ்டமரே அமெரிக்காதான். ஜார்ஜ் வாஸ்டன்ஹோம்ங்கிற முதலாளி 1848ல வாங்கின ஃபேக்டரிக்கு வாஷிங்டன் ஒர்க்ஸ்னே பேர் வச்சாரு. தங்களை எதிர்த்துச் சண்டை போட்டுப் பிரிஞ்சு போனவரோட பேரை வச்சு, அந்த நாட்டுக் கழுகையும் பிளேடுல போட்டு அவங்களுக்கே வித்திருக்காங்க. வியாபாரம்னா மானம் ரோஷம் பார்க்க முடியுமா.

இது உளி வச்சுச் செதுக்கினது இல்ல, ஆசிட் வேலை. ஆசிட் தாங்குற மையில டிசைனைத் தாள்ல அச்சடிச்சு, அதை பிளேடுல அழுத்தி உரிச்சா மை மட்டும் இரும்புல ஒட்டிக்கும், அப்புறம் ஆசிட் தடவுனா மை இல்லாத இடத்தை லேசா அரிச்சு மங்க வச்சிரும். ரொம்ப லேசுங்க. பளபளன்னு ஆக்கித் தர்றேன்னு பஃபிங் வீல்ல எவனாவது புடிச்சான்னா கழுகு பறந்துரும்.

காலம் தெரியணும்னா படத்தை விட வால்தான் பேசும். 1890ல அமெரிக்காவுல மெக்கின்லி வரிச்சட்டம் வந்துச்சு, வெளிநாட்டுச் சரக்குல எந்த நாட்டுலேர்ந்து வந்துச்சுன்னு எழுதியே ஆகணும். வெறும் ஷெஃபீல்டுன்னு இருந்தா பெரும்பாலும் அதுக்கு முந்தினது, கூடவே இங்கிலாந்துன்னு இருந்தா அனேகமா பிந்தினது. அந்த வரியே ஷெஃபீல்டு கத்திக்காரங்க பொழப்புல மண்ணையும் போட்டுச்சு.

ரைன் நதிக்கரை:
அண்ணே, நான் ஜெர்மனியில கத்திக்குப் பேர் போன சோலிங்கன் பக்கத்துல இருக்கேன். அந்த நேரத்துல மெல்லிசா உள்குழிவாத் தீட்டுன பிளேடை வச்சு மார்க்கெட்டைப் புடிச்சது எங்க ஊர்க்காரங்கதான் 😄 இங்க கத்திகளுக்குன்னே ஒரு மியூசியம் கிராஃப்ராத்ல இருக்கு, வந்தா விட்டுராதீங்க. எனக்குப் புடிச்சது ஏழு நாள் செட்டு, பெட்டியில ஏழு கத்தி, ஒவ்வொண்ணு முதுகுலயும் ஒரு கிழமை பேரு. ஒரு நாள் வேலை செஞ்சா ஆறு நாள் ரெஸ்ட்டு, நமக்குக்கூட அப்படி வேலை கிடைக்கல.

ஒரு எச்சரிக்கை. செல்லுலாய்டு கைப்பிடி இருந்தா அதை மத்த கத்தியோட ஒரே பெட்டியில வைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படித்தான் பூட்டி வச்சிருந்தாரு, திறந்தப்போ கற்பூர வாசனை தூக்குச்சு (செல்லுலாய்டுல கற்பூரம் சேர்ப்பாங்க), கைப்பிடி நொறுங்கிக் கிடக்கு, பக்கத்துல இருந்த கத்தி அத்தனையும் துரு. அது கெட ஆரம்பிச்சா அமில ஆவி விடும், அதுதான் காரணம்.

கும்பகோணம் பையன்:
எங்க தாத்தா சலூன் வச்சிருந்தாரு. அவர் கத்தி இப்ப என்கிட்ட இருக்கு, சோலிங்கன்னு வால்ல படிக்க முடியுது, பிளேடுல ஏதோ எழுத்து இருந்ததுக்கு அடையாளமா ஒரு வளைவு மட்டும் மிச்சம். அகலமும் பாதியாத் தேஞ்சிருச்சு. தினமும் கல்லுல தீட்டி வார்ல இழுத்தா என்ன மிஞ்சும்? நெட்டுல படம் போடுறாங்களே, தங்கப்பூச்சு எழுத்து அப்படியே மின்னுற கத்தி, அதெல்லாம் ஒருத்தன் தாடையையும் ஒழுங்காப் பார்க்காதது. பரிசா வந்து அலமாரியிலயே தூங்கினது. எனக்கு அதுங்க மேல அவ்வளவு மரியாதை இல்ல, மன்னிக்கணும். அப்பா காலத்துல எய்ட்ஸ் பயம் வந்து, பாதி பிளேடு மாட்டுற கத்திக்கு மாறினாரு, தாத்தா கத்தி பெட்டிக்குள்ள போயிருச்சு.

யார்க்‌ஷயர் தமிழன்:
தம்பி சொல்றதுல பாதி ஒத்துக்குறேன், ஆனா அந்தத் தூங்கின கத்தி இல்லன்னா டிசைன் எப்படி இருந்துச்சுன்னே நமக்குத் தெரிஞ்சிருக்காது. இன்னொண்ணு, ‘சில்வர் ஸ்டீல்’னு முத்திரை பார்த்து வெள்ளின்னு காசு கொட்டாதீங்க. விஞ்ஞானி ஃபாரடேவும் கத்தி செய்யுற ஸ்டோடார்ட்டும் 1820 வாக்குல இரும்புல துளி வெள்ளி சேர்த்து சோதனை பண்ணினது நிஜம், அதுக்கப்புறம் அந்தப் பேரு விளம்பரமா ஆகிப்போச்சு.

தந்தக் கைப்பிடின்னா இன்னும் உஷாரு. முனையில குறுக்கும் நெடுக்கும் வலை மாதிரி கோடு ஓடினா நிஜத் தந்தம், ஒரே பக்கமா நேர்கோடா இருந்தா செல்லுலாய்டு போலி. நிஜமா இருந்தாத்தான் தொல்லை: இந்தியாவுல விக்கவே கூடாது, இங்க 2022லேர்ந்து சட்டம் கெடுபிடி, ஈபே 2009லயே நிறுத்திட்டான்.

தம்பி, அந்த வளைவை ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு ஒரு போட்டோ போடுங்க, வால் முத்திரையும் சேர்த்து. துடைக்காதீங்க, எண்ணெய் மட்டும் லேசா.