மலேசியாவில் நம் இந்தியர்களைக் குறிக்கும், இன்று வசையாகவும் வீசப்படும் வார்த்தை "கெலிங்". அப்படி உங்களை யார், எந்தத் தொனியில் கூப்பிட்டார்கள்?

பட்டர்வொர்த்காரன்:
பினாங்கில் கிராப் (ஆப்பில் கூப்பிடும் வாடகைக் கார்) ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு சீனப் பாட்டியும் பேத்தியும் ஏறினார்கள். ஆப்பில் சௌரஸ்தா மார்க்கெட் என்று இருந்தது, ஆனால் பாட்டி உட்கார்ந்ததுமே "கெலிங்ஆ பன்சான்" என்றார். இங்கே ஹொக்கியன் மொழி பேசும் பழைய சீனர்களுக்கு அந்த மார்க்கெட்டின் பெயரே அதுதான், கெலிங்காரர் சந்தை. பேத்திக்கு முகம் சிவந்துவிட்டது, "ஆ மா, அப்படிச் சொல்லாதே" என்று அடக்கப் பார்க்கிறாள், பாட்டிக்கோ எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்றே தெரியவில்லை, வழி முழுக்க ஜாதிக்காய் ஊறுகாய் எந்தக் கடையில் நல்லது என்று மலாயில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. இதே வார்த்தையைக் கோலாலம்பூரில் கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்ட ஒருத்தன் "பாலேக் இந்தியா"வோடு (இந்தியாவுக்கே திரும்பிப் போ) சேர்த்து வீசினான், அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்று. சங்கிலிக் கதையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள்: வெள்ளைக்காரன் நம் கைதிகளைக் காலில் விலங்கு மாட்டிக் கொண்டுவந்தான், அது 'கிளிங் கிளிங்' என்று சத்தம் போட்டது, அதனால் இந்தப் பெயர். என் பெரியப்பா கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு இடிக்கிறது. பினாங்கு வெள்ளைக்காரன் கைக்குப் போனதே 1786-ல். மலாக்காவைப் போர்த்துக்கீசியர் 1511-ல் பிடித்தபோதே அங்கே 'கெலிங்' வியாபாரிகள் பெரும் பணக்காரர்கள், டோமே பிரேஸ் என்ற போர்த்துக்கீசியர் அந்தப் பெயரிலேயே அவர்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். நீனா சாத்து என்ற கெலிங் வியாபாரிக்குப் பெண்டஹாரா என்ற உயர்ந்த பதவியையே போர்த்துக்கீசியர் கொடுத்தார்கள். விலங்கு மாட்டியவனுக்கா அது கிடைக்கும்? கலிங்க தேசத்திலிருந்து வந்த பெயர் என்பதுதான் பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்டது. கலிங்கம் ஒடிசா பக்கம், நாம் எங்கே அது எங்கே என்று கேட்காதீர்கள், கடல் தாண்டி வந்த எல்லாரையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள்.

சரி, உங்கள் அனுபவம்?

செந்தூல் டீச்சர்:
நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் தமிழ்ப் பையன்களே ஒருத்தனை ஒருத்தன் அப்படிக் கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்குப் பகீரென்றது. எங்கள் அம்மா எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்தவர், அந்த வார்த்தை காதில் விழுந்தால் இன்றைக்கும் முகம் மாறிவிடும். பையன்களைக் கூப்பிட்டுக் கேட்டேன், "நாங்கள் சொன்னால் வலிக்காது டீச்சர், மற்றவன் சொன்னால்தான் அடி" என்றார்கள். அது எனக்கு ஒப்பவில்லை, நீ விளையாட்டாகச் சொல்வதைப் பக்கத்து மேசைக்காரன் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறான், நாளைக்கு அவனும் விளையாட்டு என்பான். ஆனால் அதில் ஒரு வாலு திருப்பிக் கேட்டான் பாருங்கள்: "அப்புறம் ஏன் டீச்சர் பினாங்கில் ரோடு போர்டிலேயே போட்டிருக்கிறார்கள்?" மணி அடித்துவிட்டது, தப்பித்தேன்.

லெபோ பசார் பாய்:
டீச்சரம்மா, அந்தப் பையனுக்கு நான் பதில் சொல்கிறேன். அது எங்கள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயர், அதைத்தான் அந்த ரோட்டுக்கு வைத்திருக்கிறார்கள். 1801-ல் தொடங்கிய பள்ளி. காதர் முகைதீன்தான் அன்றைக்கு நம் ஆட்களுக்குத் தலைவர், 'கப்பித்தான்' அவருக்குக் கிடைத்த பதவி. அந்தக் காலத்தில் அது மரியாதைப் பெயர், அதை மாற்று என்று யாராவது கிளம்பினால் முதல் ஆளாக நான் எதிர்ப்பேன். பள்ளியின் பெயர் பள்ளியோடு இருக்கட்டும், அதற்காக என் முகத்தைப் பார்த்து நீ சொல்லலாம் என்று ஆகிவிடாது.

தமிழ் முஸ்லிம்களான எங்கள் தலைவலி வேறு, எங்களைக் கூப்பிடும் 'மாமாக்' என்ற பெயர். நாம் மாமா என்று கூப்பிடுவதுதான் அப்படி மருவியது என்பார்கள். உறவு சொல்லிக் கூப்பிட்டது போய் ஆளுக்கே பெயரானது, இப்போது கடைக்குப் பெயராகிவிட்டது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகனின் கூட்டாளிகள், மலாய்க்காரர் சீனர் எல்லாரும், "மாமாக் போலாமா" என்றால் தே தாரேக் (ஆற்றிய பால் டீ) குடிக்க என்றுதான் அர்த்தம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் நான் வேலை செய்த ஆபீசில் ஒருவர் கணக்கில் ஐம்பது காசு குறைந்தாலும் "மாமாக் புத்தி" என்பார், சிரித்துக்கொண்டே. சுற்றி எல்லாரும் சிரிப்பார்கள். ஒருநாள், "ஐயா, மத்தியானம் எந்த மாமாக் கடையில் கடன் வைத்துச் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பட்டர்வொர்த்காரன்:
பாய், கடனை அடைத்தாரா இல்லையா?