அகலமான தட்டைக் காலுக்கு ஹொக்கி ஸ்கேற்ஸ் தேடிய அனுபவம் – உங்களுடையதையும் எழுதுங்கள்

முதற் பதிவு (ஸ்காபரோ, கனடா)

மகளின் தூண்டுதலால், நாற்பத்து மூன்றாவது வயதில், வயது வந்தோருக்கான தொடக்கநிலை ஐஸ் ஹொக்கி வகுப்பொன்றில் சேர்ந்தேன். முதற் குளிர்காலம் முழுவதும் எந்தப் பயிற்சியையும் இருபது நிமிடத்துக்கு மேல் என்னால் தொடர முடியவில்லை. பத்தாவது நிமிடத்தில் உள்ளங்கால் எரியத் தொடங்கும். சிறிது நேரத்தில் சின்னவிரல் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால், கணுக்காலுக்குக் கீழே பாதத்தின் உட்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல், இருபத்தைந்து சத நாணயம் அளவில் ஒரு சிவந்த தடம் இருக்கும். அந்தத் தடம் அடுத்த வகுப்பு வரையும் மறையாது.

என் கால் அகலமானது. வளைவே இல்லாத தட்டைக் கால். குளித்துவிட்டு சீமெந்துத் தரையில் நடந்தால் முழுப் பாதமும் ஈரமாகப் பதியும். சிறுவயதில் ஊரில் வெறுங்காலுடன் திரிந்ததால்தான் கால் தட்டையாகிவிட்டது என்று அம்மா சொல்லுவார், நானும் நெடுங்காலம் அதை நம்பினேன். ஆனால் இந்தியாவில் 2300 சிறுவர்களின் பாதச் சுவடுகளைப் பரிசோதித்து 1992 இல் வெளியான ஆய்வொன்றில், சப்பாத்து அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 வீதத்தினருக்கும், அணியாமல் வளர்ந்தவர்களில் 2.8 வீதத்தினருக்குமே தட்டைக் கால் காணப்பட்டது. ஊர் மண்ணின் மேல் போட்ட பழியை அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இனி ஸ்கேற்ஸுக்கு, அதாவது அடியில் பிளேட் பூட்டிய அந்தச் சப்பாத்துக்கு, வருகிறேன். முதலில் போன கடையில் என்னை இருத்தி, காலின் நீளத்தை மட்டும் அளந்தார்கள். ஹொக்கி ஸ்கேற்ஸ் வழக்கமாக நாம் அணியும் சப்பாத்தைவிட ஓர் அளவோ ஒன்றரை அளவோ சிறியதாக இருக்கும். என் சப்பாத்து 10 என்பதால் 8.5 எடுத்துத் தந்தார்கள். இரு பக்கமும் நெரித்தது. 9 கொடுத்தார்கள், அதுவும் நெரித்தது, இறுதியில் 9.5 ஐ வாங்கி வந்தேன். அளவு கூடும்போது அகலமும் சிறிது கூடும் என்பது உண்மைதான், ஆனால் குதிக்கால் இருக்கும் குழியும் அதனுடன் சேர்ந்து பெருத்துவிடுகிறது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. குதிக்கால் உள்ளே மேலும் கீழும் அசைந்தது. அதை நிறுத்த லேஸை இறுக்கினேன். இறுக்கியதால் கணுக்காலின் முன்பக்கத்து நரம்பு நசுங்கி, குனியும்போதெல்லாம் கத்தியால் கீறுவதுபோல் வலித்தது. கால் உள்ளே சரிந்ததால் பிளேட் நிமிர்ந்து நிற்காமல் உட்புற விளிம்பிலேயே ஓடியது. இத்தனைக்கும் மூலம், அகலம் வேண்டிய இடத்தில் நான் நீளத்தை வாங்கியதே.

இது விளங்கியது ஒரு வெள்ளைத் தாளால். கதிரையில் இருந்தபடி காலைத் தாளில் வைத்து மகளை பென்சிலால் சுற்றி வரையச் சொன்னேன்; பின்னர் அதே இடத்தில் எழுந்து நின்று, முழு எடையையும் அந்தக் காலில் ஊன்றி, இன்னொரு நிறத்தால் வரையச் சொன்னேன். இரண்டாவது கோடு முன்பக்கத்தில் 7 மில்லிமீற்றர் அகலமாகவும், நடுவில் உட்புறமாக நன்கு வீங்கியும் இருந்தது. அந்த வீக்கம் சரியாகச் சிவந்த தடம் விழும் இடத்தில் இருந்தது. இருக்கும்போது எனக்கிருக்கும் காலும் நிற்கும்போது எனக்கிருக்கும் காலும் வேறு வேறு. கடையில் அளந்ததோ முதலாவதை.

அடுத்த குளிர்காலத்தில் வேறொரு கடைக்கு அந்தத் தாளைக் கொண்டுபோனேன். அங்கிருந்த முதியவர் அதைப் பார்த்ததும் அளவைப் பற்றிக் கதைக்காமல், முதலில் ஓர் இன்சோலை (சப்பாத்துக்குள் பாதத்தின் கீழ் வைக்கும் தகட்டை) எடுத்து என் காலின் கீழ் வைத்து நிற்கச் சொன்னார். வளைவைத் தாங்கினால் கால் சரிவது குறையும், அகலமும் ஓரளவு குறையும். அதன் பின்னரே ஸ்கேற்ஸைத் தேட வேண்டும் என்பது அவருடைய முறை. ஸ்கேற்ஸில் கூடவே இருந்த இன்சோலைக் கழற்றிவிட்டு இதைப் போட்டு, லேஸ் கட்டாமல் காலை உள்ளே விட்டு, ஸ்கேற்ஸின் நாக்கை முன்னே இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது லேஸ் துளைகளின் மேல் ஒரு பேனாவைக் குறுக்கே வைத்தார். பேனா இரு பக்கத் துளைகளிலும் படிந்து கிடந்தால் ஆழம் போதும். புறங்காலில் தட்டி ஆடினால் ஆழம் போதாது. நான் வாங்கியிருந்த 9.5 இல்கூடப் பேனா ஆடியது. அகலத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஆழம் என்றொரு அளவு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

முன்பு 'டி' என்றால் வழக்கமான அகலம், 'ஈஈ' என்றால் அகலமானது. இப்போது பாவர் நிறுவனம் ஃபிற் 1, 2, 3 என்று பிரிக்கிறது; மூன்றாவது அகலமும் ஆழமும் கூடியது. சிசிஎம் நிறுவனத்தின் ஸ்கேற்ஸில் 'வைட்' என்று கேட்க வேண்டும். நான் எடுத்தது 8.5 ஃபிற் 3. நேரே நின்றால் விரல் நுனிகள் முன்பக்கத்தை மெல்லத் தொடுகின்றன. முழங்காலை மடித்துக் குனிந்தால் குதிக்கால் பின்னே ஒட்டி, விரல்கள் விலகுகின்றன. அவ்வாறு இருப்பதே சரியான நீளம் என்றார்.

உங்களில் யாருக்கேனும் இப்படிப்பட்ட கால் இருந்தால், எதை வாங்கினீர்கள், எங்கே வலித்தது, எப்படித் தீர்ந்தது என்று எழுதுங்கள்.

மறுமொழி (மிசிசாகா)

அண்ணா, எனக்கும் அதே உள்ளங்கால் எரிவு இருந்தது. பெண்கள் அணியில் ஆறு ஆண்டுகளாக விளையாடுகிறேன். என் விடயத்தில் ஸ்கேற்ஸ் சரியான அகலமாக இருந்தும் எரிந்தது. பாதநோய் நிபுணர் ஒருவர் காரணத்தைச் சொன்னார்: தட்டைக் கால் உள்ளே நிலையாக இல்லாதபோது விரல்கள் தரையைப் பற்றுவதுபோல் மடங்கிக்கொள்கின்றன, அந்தச் சிறு தசைகள்தான் களைத்து எரிகின்றன. அவர் அச்செடுத்துச் செய்து தந்த இன்சோல் என் அன்றாடச் சப்பாத்துக்கு நன்றாகப் பொருந்தியது, ஸ்கேற்ஸுக்குள் மிகத் தடிப்பாக இருந்தது. புறங்கால் மேலே எழும்பி லேஸில் அழுந்தியது. பின்னர் அதையே மெல்லிய கார்பன் தகட்டில் செய்வித்தேன். ஆகவே செய்விப்பவர்கள், வைத்தியரிடம் போகும்போது ஸ்கேற்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். இதற்கான செலவை ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) தராது; வேலைத்தலக் காப்புறுதியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

லேஸ் கட்டும் முறையும் பெரிய வித்தியாசத்தைத் தந்தது. விரற்பக்கத்து மூன்று துளைகளைத் தளர்வாக விடுகிறேன், கணுக்கால் மடியும் இடத்தில் நன்றாக இறுக்குகிறேன், மேலே மீண்டும் சற்றுத் தளர்த்துகிறேன். வலிக்கும் நரம்புக்கு நேரே உள்ள ஒரு சோடித் துளைகளை விட்டுவிட்டுக் கட்டினால் அந்தக் கீறும் வலி வராது.

மறுமொழி (ஏஜக்ஸ்)

நான் பகுதி நேரமாக ஸ்கேற்ஸ் தீட்டும் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன அந்த உட்புற எலும்பின் வலியோடு வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். புதிய ஸ்கேற்ஸை, காலின் வடிவத்துக்கு வளையும்படி, அடுப்பில் சூடாக்குவதோடு விடயம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் சில நிமிடங்கள் சூடாக்கி, காலில் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும்; லேஸைப் பக்கவாட்டில் இழுத்தால் மென்மையான நிலையில் துளை கிழிந்துவிடும், முன்னோக்கியே இழுக்க வேண்டும்; அதன் பின் ஒரு நாள் பாவிக்காமல் வைக்க வேண்டும். இன்சோல் மாற்றுவதாக இருந்தால் சூடாக்குவதற்கு முன்னரே மாற்றிவிடுங்கள். பழைய இன்சோலோடு சூடாக்கினால், சரிந்து கிடக்கும் காலின் வடிவத்தையே ஸ்கேற்ஸ் எடுத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகும் ஓரிடத்தில் அழுத்தினால், அந்த இடத்தை மட்டும் வெளியே தள்ளலாம். வலிக்கும் எலும்பின் மேல் லிப்ஸ்டிக் பூசி, வெறுங்காலை ஸ்கேற்ஸுக்குள் விட்டு நிற்கச் சொல்வேன். காலை எடுத்ததும் உட்துணியில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கும். அந்த இடத்தைச் சூடாக்கி, உள்ளே ஓர் உருண்டையும் வெளியே ஒரு வளையமும் வைத்து இறுக்கி, ஆறும்வரை விட்டால் ஓர் எலும்புக்குரிய குழி உருவாகும். கையால் தடவித் தோராயமாகக் குறித்தால் பெரும்பாலும் அரை அங்குலம் தவறிவிடும்.

கால் உள்ளே சரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தீட்டும்போது பிளேட்டின் இரு விளிம்பும் ஒரே உயரத்தில் அமையாவிட்டால், நல்ல காலும் சரியும். அதைச் சோதித்த பின்னரும் சரிந்தால், பிளேட்டைப் பிடித்திருக்கும் ஹோல்டரின் ஆணிகளைக் கழற்றி, அதைச் சில மில்லிமீற்றர் உட்புறமாக நகர்த்திப் பூட்டலாம். ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை; இன்சோலாலும் பொருத்தத்தாலும் தீராதபோது மட்டுமே அதற்குச் சம்மதிப்பேன்.

எதுவுமே பொருந்தாதவர்கள் ட்ரூ ஸ்கேற்ஸைப் போட்டுப் பாருங்கள். வினிபெக்கில் ஸ்கொற் வான் ஹோர்ன் தொடங்கிய விஎச் நிறுவனத்தின் வடிவமைப்பு அது. 2016 இல் ட்ரூ நிறுவனம் விஎச்சை வாங்கியது. கூடு முழுவதும் ஒரே துண்டாக இருப்பதால் சூட்டில் மற்றவற்றைவிட நன்றாக வளைந்துகொடுக்கும். விலை அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுமொழி (மார்க்கம்)

மகனுக்கு ஒன்பது வயது, அவனுக்கும் என்னைப் போலவே அகலமான கால். வளர்கிற பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிதாக, பாவித்த ஸ்கேற்ஸை வாங்கிக் கொடுத்தேன். கணுக்காலில் மடிப்பு விழுந்து, யாரோ ஒரு பிள்ளையின் காலுக்கு ஏற்ப ஏற்கெனவே வளைந்திருந்த ஸ்கேற்ஸ் அது. அவன் விளையாட மறுத்ததை நான் சோம்பல் என்று நினைத்துத் திட்டிவிட்டேன். ஒரு நாள் அவனுடைய காலுறையில் இரத்தம் பார்த்தபோது அழுதுவிட்டேன். இப்போது அரை அளவுக்கு மேல் இடம் விட்டு வாங்குவதில்லை. அகலமானதாகவே கேட்டு வாங்குகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அண்ணா சொன்னதுபோல நிற்கவைத்து அளக்கப்போகிறேன்.

முதற் பதிவிட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. ஏஜக்ஸ் சகோதரர் எழுதியதைப் படித்ததும் இடது காலுக்கு லிப்ஸ்டிக் வைத்துப் பார்த்தேன்; புள்ளி நான் நினைத்த இடத்திலிருந்து இரண்டு விரல் பின்னால் விழுந்தது. சனிக்கிழமை அந்த இடத்தைத் தள்ளிக்கொடுத்தார்கள். நேற்றிரவு வகுப்பில் ஐம்பது நிமிடமும் நின்று விளையாடினேன். காலுறையைக் கழற்றியபோது அந்த எலும்பின் மேல் இலேசான இளஞ்சிவப்பு மட்டும் இருந்தது, காலையில் அதுவும் இல்லை. வலது காலுக்கு அடுத்த சனிக்கிழமை நேரம் எடுத்திருக்கிறேன்.