புதுப்பிப்பு: ஏரிக்கரை மணலில் கொசு

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரை மணல்மேட்டில் தங்கப்போகிறேன், கொசுவுக்கு என்ன வழி என்று கேட்டிருந்தேன். வறண்ட மணலில் கொசு ஏது என்று சிலர் எழுதினீர்கள். உப்புநீர்க் குட்டையிலும் முட்டையிடும் இனங்கள் உண்டு. கியூலெக்ஸ் சிட்டியன்ஸ் அதில் ஒன்று. கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தவரை ஒன்றும் தலைகாட்டவில்லை. பொழுது சாய்ந்து காற்று அடங்கியதும் படையெடுப்புதான்! வீட்டுக்கார அம்மா போட்ட வேப்பிலைப் புகை என் கண்ணைத்தான் கரித்தது (அவரிடம் சொல்லவில்லை). கைகொடுத்தவை மேசை மின்விசிறியும் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த பூச்சும். காற்றை எதிர்த்துப் பறக்கக் கொசுவுக்குத் தெம்பில்லை. வெயில் களிம்பு தடவினால் அது முதலில், டீட் அதன்மேல். வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகுங்கள். கை வலையில் ஒட்டினால் வெளியிலிருந்தே கடிக்கும். பக்கத்து ஊரான தடாவில் வலை வாங்குபவர்கள் கண்ணி நெருக்கமானதாகக் கேளுங்கள். இங்கே கடிக்கும் மணல் ஈ என்ற பூச்சி கொசுவைவிடச் சிறியது, சாதாரண வலையில் நுழைந்துவிடும்.