பாகப்பிரிவினை வழக்கு: மதுரையில் பெரிய வக்கீல் ஆபீஸா, மேலூர் வக்கீலா?

திருப்பூர் மருமகள்:
எங்களுக்கு மேலூர் பக்கம் 1 ஏக்கர் 40 சென்ட் நஞ்சையும் ஒரு ஓட்டு வீடும் இருக்கு. அப்பா 2012ல் தவறிட்டார், அம்மா அதுக்கு முன்னாடியே. உயில் எதுவும் இல்லை. அண்ணன், அக்கா, நான் மூணு பேர். "பொண்ணுங்களுக்குத்தான் நகை போட்டாச்சே"ங்கிறார் அண்ணன். அக்காவுக்கு 1987லயே கல்யாணம் ஆயிட்டதால சட்டப்படியே அவளுக்குப் பங்கு கிடையாதுன்னும் சொல்றார்.

மதுரையில் பேர் பெற்ற ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போனோம். போர்டில் சிவில், கிரிமினல், ரிட், குடும்பநலம், செக் கேஸ், கம்பெனி வழக்கு எல்லாம் இருக்கு. கூகுளில் ஏகப்பட்ட நட்சத்திரம். 2 லட்சம் ஃபீஸ், அதுபோக வர்ற பங்கில் பத்து சதவீதம்னு சொன்னாங்க. நம்பிக் கொடுக்கலாமா?

ரவி திண்டுக்கல்:
பெரிய ஆபீஸ்னா ஒரு பயம் இருக்கும் சகோதரி. அவங்க லெட்டர்பேடில் நோட்டீஸ் போனாலே உங்க அண்ணன் பேச்சுவார்த்தைக்கு வருவார். என் மச்சானுக்கு அப்படித்தான் முடிஞ்சது.

பழைய குமாஸ்தா:
மதுரையில் 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவா இருந்தவன். தம்பி ரவி சொல்றது நோட்டீஸ் வரைக்கும் சரி. அதுக்கு மசியாதவர்னா என்ன பண்றது?

அம்மா, முதல்ல அந்தப் பத்து சதவீதம். வழக்கில் கிடைக்கிறதில் பங்கு கேட்கக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. அதை வாய்விட்டுக் கேட்கிற ஆபீஸில் நான் வக்காலத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த ஒண்ணு போதும் எனக்கு.

அடுத்து அந்த போர்டு. நிலம் எங்கே இருக்கோ அந்த ஊர் கோர்ட்டில்தான் பாகப்பிரிவினை தாவா, அதாவது சிவில் வழக்கு. ஹைகோர்ட் மதுரைக் கிளை 2004 ஜூலையில் வந்தப்புறம் நிறைய ஆபீஸ்காரங்க ரிட், அப்பீல்னு அந்தப் பக்கம் சாஞ்சுட்டாங்க. அங்கே அவங்க கெட்டிக்காரங்களாவே இருக்கட்டும். உங்க தாவா அங்கே தொடங்காதே! மேலூருக்கு வாய்தா அன்னிக்கு பஸ் ஏறி வர்றது போன வருஷம் என்ரோல் பண்ணின ஜூனியர். அவருக்கு உங்க கேஸ் கட்டு எதுன்னே தெரியாது, "சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கார்"னு வாய்தா வாங்கிட்டுப் போவார். நானே அப்படி எத்தனை கட்டைச் சுமந்திருக்கேன்.

போர்டில் பெயர் இருக்கிறவர் சாட்சி விசாரணைக்கு நேரில் வருவாரான்னு கேளுங்க. மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

நட்சத்திரத்தை விடுங்க. வக்கீல்கள் விளம்பரம் பண்ணவே கூடாது. பிடிமானமா பார்க்கணும்னா இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டம், கோர்ட் தேர்ந்தெடுத்து வக்கீல் பெயர் போட்டுத் தேடலாம். முடிஞ்ச வழக்கு எத்தனைங்கிறதை விட, எப்படி முடிஞ்சதுன்னு பாருங்க. ஆஜராகாம தள்ளுபடி ஆனது நிறைய இருந்தா அந்த ஆபீஸில் வாய்தா தேதி குறிச்சு டைரி போடுற ஆள் சரியில்லைன்னு அர்த்தம். குமாஸ்தா புத்தி, அதைத்தான் முதல்ல பார்க்கும்.

அக்கா விஷயத்தில் உங்க அண்ணன் பழைய சட்டம் பேசுறார். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 1989 தமிழ்நாடு திருத்தத்தில், அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணமானவங்களுக்குப் பூர்வீகத்தில் பங்கில்லைன்னு இருந்தது நிஜம். 2005 மத்தியத் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துடுச்சு. அப்பா 2005ல் உயிரோட இருந்தாரா இல்லையாங்கிறதும் வேண்டியதில்லைன்னு 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பாகம் பிரிச்சுப் பதிவு பண்ணியிருந்தாலோ, கோர்ட் டிக்ரியில் பிரிச்சிருந்தாலோ கதை வேற. அப்பா சுயமா சம்பாதிச்ச வீட்டிலும் உயில் இல்லைன்னா மூணு பேருக்கும் சமம். நகை போட்டதெல்லாம் பங்கு கொடுத்த கணக்கில் சேராது. பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?

திருப்பூர் மருமகள்:
இல்லைங்க ஐயா. ஆனா பட்டா மாத்தணும்னு போன மாசம் ஒரு பேப்பர் நீட்டினார், நான் போடலை.

நீங்க சொன்ன மாதிரி தேடினேன். மேலூரில் அந்த ஆபீஸ் பேரில் மொத்தமே நாலு வழக்கு, அதில் ரெண்டு ஆஜராகாம தள்ளுபடி. மேலூர்லயே சிவில் மட்டும் பார்க்கிற ஒரு அம்மா வக்கீல் பேர் கிடைச்சிருக்கு, திங்கள்கிழமை போறோம். மூலப்பத்திரம் அண்ணன்கிட்ட மாட்டியிருக்கு, அது இல்லாம போகலாமா?

பழைய குமாஸ்தா:
தாராளமா போகலாம். சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சான்றுக்குப் போட்டு, அதில் வர்ற பத்திர எண்ணுக்கு நகல் மனு கொடுங்க. அப்பாவோட இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கோங்க. கையில் காசு இல்லைன்னா மேலூர் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழுவைக் கேளுங்க. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அண்ணன் விற்காமல் இருக்க இடைக்காலத் தடை மனுவைத் தாவாவோடவே போடச் சொல்லுங்க.




ரவி திண்டுக்கல்:
ஐயா, நீங்க இன்னும் குமாஸ்தா வேலை பார்க்கிறீங்களா? எனக்கும் ஒரு கட்டு இருக்கு.