மேட்ச்: 'பொருத்தம்' வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

போன ஞாயிறு அல்சூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். காபி குடித்துக்கொண்டிருந்தபோது சித்தி மகளின் போன் அதிர்ந்தது. பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "மேட்ச் ஆயிடுச்சுண்ணா" என்று கிசுகிசுத்தாள். சித்திக்குப் பாம்புக் காது. முறுக்குத் தட்டைக் கீழே வைக்காமலே கேட்டார்: "பத்துக்கு எத்தனைடி?"

"பத்தும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. நான் அவனை ரைட்ல தள்ளினேன், அவனும் என்னைத் தள்ளியிருக்கான். அவ்ளோதான்."

"அப்ப ரஜ்ஜு பாக்கலையா?"

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் கலைச்சொல் பட்டியலில் மேட்ச் என்பதற்கு நேராகப் 'பொருத்தம்' என்று எழுதி வைத்திருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பொருத்தம் என்றால் யாரோ உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். ஜோசியர் நட்சத்திரத்தைப் பார்க்கிறார், தையல்காரர் அளவைப் பார்க்கிறார். 2012-ல் வந்த டிண்டர் என்ற காதல் செயலியில் ஒருவரின் படத்தை வலப்பக்கம் தள்ளினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே மேட்ச் என்பது இரண்டு கட்டைவிரல்கள் ஒரே பக்கம் நகர்ந்த செய்தி மட்டுமே.

அதற்காக அங்கே கணக்கே இல்லை என்று சொல்லவில்லை. நான் பிழைப்புக்குச் செய்வது இணையக் கடைகளுக்குப் பரிந்துரை நிரல் எழுதுவது. இந்தச் சேலை வாங்கியவருக்கு எந்த ரவிக்கையைக் காட்டலாம் என்பது மாதிரி வேலை. காதல் செயலியும் இதற்கு ரொம்பத் தூரமில்லை. உங்களைப் போலவே தள்ளியவர்கள் வேறு யாரை விரும்பினார்கள் என்று பார்த்து அடுத்த முகத்தை மேலே கொண்டுவரலாம். ஒரே வித்தியாசம், ரவிக்கை உங்களைத் திருப்பி விரும்ப வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் விருப்பம் இருந்தாக வேண்டிய இந்தக் கணக்கை டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962-லேயே போட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரும் எதிர்ப்பக்கத்தாரை வரிசைப்படுத்த வேண்டும். ஆண்கள் வரிசைப்படி போய்க் கேட்பார்கள். பெண்கள் வந்தவர்களில் பிடித்தவரை நிறுத்திவைத்துக்கொண்டு மற்றவரை அனுப்பிவிடுவார்கள். அனுப்பப்பட்டவர் அடுத்த வாசலுக்குப் போவார். பிறகு இன்னும் நல்லவர் வந்தால் நிறுத்திவைத்தவரையும் அனுப்பிவிடலாம். (கேட்கிற பக்கத்துக்குத்தான் இதில் லாபம் அதிகம். நம்மூர் மாப்பிள்ளை வீட்டார் இதைப் படித்திருக்கத் தேவையில்லை.) கடைசியில் தன் இணையை விட்டுவிட்டு ஒருவரோடு ஒருவர் போய்விட விரும்பும் இருவர் எங்குமே மிஞ்சமாட்டார்கள். ஷேப்லிக்கும் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஹிஞ்ச் செயலி 2018-ல் 'உங்களுக்கு மிகவும் ஏற்றவர்' என்று தினம் ஒருவரைக் காட்டத் தொடங்கியதும் இதே வழிமுறையை வைத்துத்தான்.

ஆக, ஆங்கிலம் ஒரே சொல்லைப் போட்டு மூன்றை ஓட்டுகிறது. நாமும் அப்படி ஓட்ட வேண்டுமா? இந்தக் கணக்குக்கு 'இணைசேர்ப்பு' என்று வைக்கலாம். இருவரும் எவ்வளவு ஒத்துப்போவார்கள் என்ற மதிப்பெண்ணுக்குப் 'பொருத்தம்' இருக்கட்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவிக்குப் பத்து ஒப்புகள் சொல்கிறார். அதில் ஆண்டு, உருவு, திரு என்று வருவதைத்தான் கல்யாணத் தளங்கள் வயது, படம், சம்பளம் என்று கட்டம் போட்டுக் கேட்கின்றன. அங்கே பொருத்தம் என்பது சரியான சொல். போன் அதிரும் அந்தக் கணத்துக்கு மட்டும் 'இசைவு' என்று முன்மொழிகிறேன். ஒருவர் மட்டும் தள்ளிவிட்டுக் காத்திருப்பதற்குக் 'கைக்கிளை' தயாராகவே இருக்கிறது, புதிதாக எதுவும் வேண்டாம்.

— அல்சூர்க்காரன்

*

அண்ணா, வணக்கம்.

மூன்றாகப் பிரித்தது நல்ல வேலை. ஆனால் இசைவு வேண்டவே வேண்டாம். நான் ஜெயநகரில் இருந்துகொண்டு குடும்ப வழக்குகள் நடத்துகிறவள். சட்டத் தமிழில் இசைவு என்றால் சம்மதம். நாளைக்கு ஒருவன் "அவள்தான் இசைவு கொடுத்தாளே" என்று வந்து நிற்பான். வலப்பக்கம் தள்ளினால் 'பேசிப் பார்க்கலாம்' என்று அர்த்தம். ஒரு காபிக்குக்கூட ஒப்புக்கொண்டதாக ஆகாது. இந்த இடத்தில் சொல் வழுக்கினால் அடிபடுவது பெண்.

— ஜெயநகர்

*

ஜெயநகர் அம்மாவுக்கு நன்றி. இசைவைத் திரும்பப் பெறுகிறேன். இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

இரண்டு நாள் மெட்ரோவில் நின்றபடி யோசித்ததில் கிடைத்தது 'இருவலம்'. இருவரும் வலப்பக்கம் தள்ளினார்கள், அதற்கு மேல் இந்தச் சொல் எதையும் சொல்லாது. சம்மதமும் இல்லை, ஜாதகமும் இல்லை. 'இன்றைக்கு இரண்டு இருவலம்', 'இருவலமாச்சு' என்று வாயிலும் ஓடுகிறது.

> எல்லாச் செயலியிலும் தள்ளுவதில்லையே ஐயா. சிலவற்றில் இதயக்குறியைத்
> தொடுகிறார்கள். நாளைக்குத் தள்ளுவதே ஒழிந்துபோனால் சொல் என்னாகும்?

ஒன்றும் ஆகாது. "பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டான்" என்கிறோம். யார் எங்கே வைக்கிறார்கள்? போன் கையிலேயேதான் இருக்கிறது. ரிசீவரை வைக்கும் தாங்கி போன பிறகும் வினைச்சொல் பிழைத்துக் கிடக்கிறதே.

> 'ஜோடி விழுந்தது' என்று எளிமையாகச் சொன்னால் என்ன? சீட்டுக்கட்டு
> மாதிரிதானே தள்ளுகிறார்கள்?

எனக்கும் பிடித்திருக்கிறது. பேச்சில் தாராளமாக விழட்டும். செயலியின் பொத்தானில் எழுதினால் மட்டும் பயமாக இருக்கிறது. ஜோடி என்று போட்டுவிட்டால் சித்தி மண்டபம் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

பட்டியலில் ஏற்றுவதற்கு முன்னால் சித்தி மகளுக்கு வாட்சாப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்டேன். இரவு பதினோரு மணிக்குப் பதில் வந்தது: "சொல் ஓகேண்ணா. இருவலமாகி நாலு நாளாச்சு, மூணு நாள் நல்லாத்தான் பேசினான், இப்ப ஆளையே காணோம். அதுக்கு என்ன சொல் வச்சிருக்கீங்க?"

'மாயமாதல்' என்று எழுதிப் பார்த்தேன். சரியாக உட்காரவில்லை. தனி இழையாகத் தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

— அல்சூர்க்காரன்