500 யாரில் குண்டு 8 அங்குலம் கீழே படுகிறது, கணக்கு எங்கே பிழைக்கிறது?

கல்லடிப்பாலம்
அவசரமாக ஒரு உதவி. .308 ரைபிள், 168 கிரெயின் குண்டு, 100 யாரில் (கெஜத்தில்) ஜீரோ, அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டு படும் இடமும் ஒன்று. போனில் உள்ள பாலிஸ்டிக் செயலி (குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்கிடுவது) சொல்கிற அளவுக்கு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) ஏற்றிச் சுட்டால் 500 யாரில் 8 அங்குலம் கீழே படுகிறது. எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். துவக்குக் கட்டையில் ஒட்டுவதற்கு அட்டவணை ஒன்று அடித்து இந்தக் கிழமைக்குள் அனுப்பவேண்டும். எங்கே பிழை இருக்கும்?

காவல்பரண்
தம்பி, கல்லடியில் இருந்துகொண்டு .308 ரைபிளா? இங்கே எங்களிடம் இருப்பது பயிர் காக்க அனுமதி எடுத்த 12 போர் துவக்கு, அதற்கே வருடாவருடம் கச்சேரிக்கு நடக்கிறோம். துவக்கு யாருடையது, எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பதிவை எடுத்துவிடுங்கள், வீண் பிரச்சினை.

கல்லடிப்பாலம்
ஐயோ அண்ணன், துவக்கு இங்கே இல்லை. அத்தான் கனடாவில், கல்கரியில் இருக்கிறார். அங்கே லைசன்ஸ் எடுத்தவர், நவம்பரில் மான் வேட்டைக்குப் போவார். அவர் சுடுதிடலில் சுட்டுப் பார்த்துச் சொல்கிறார், கணக்கு மட்டும் நான் இங்கிருந்து பார்க்கிறேன்.

வாவிக்கரை
அப்படியென்றால் விடை கைக்குள் வந்துவிட்டது. செயலி உங்கள் போன் இருக்கும் இடத்தின் காலநிலையைத்தான் எடுத்திருக்கும். கல்லடி கடல் மட்டம், கல்கரி ஆயிரம் மீற்றருக்கு மேலே. காற்று அங்கே வேறு, இங்கே வேறு. இடத்தை மாற்றுங்கள், எல்லாம் சரியாகும். நான் பார்த்த கணக்குப் பிழைகளில் பாதி இதனால்தான்.

பௌதிகம்
வாவிக்கரை சொல்வதில் திசையே மாறிக் கிடக்கிறது. உயரத்தில் காற்று மெல்லிசு, குண்டுக்கு இழுவை குறைவு. இங்கத்தைய கனத்த காற்றுக்குக் கணக்குப் போட்டு அங்கே சுட்டால் குண்டு மேலே படவேண்டும், கீழே அல்ல.

இன்னொன்றும் பாருங்கள். இங்கே 31 பாகை வெக்கையில் ஒரு கன மீற்றர் காற்று சுமார் 1.15 கிலோ. கல்கரியில் அமுக்கம் ஏறத்தாழ 894 ஹெக்டோபாஸ்கல், 5 பாகைக் குளிர் என்று வைத்தால் 1.12 கிலோ. உயரம் குறைத்ததைக் குளிர் திருப்பிக் கொடுத்துவிட்டது. மூன்று வீதம்கூட வித்தியாசமில்லை, 500 யாரில் அது அரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும். இடத்தை மாற்றத்தான் வேண்டும், ஆனால் 8 அங்குலம் அதனால் வரவில்லை. மாற்றும்போது இன்னொரு கவனம்: வானிலை அறிக்கையில் வரும் 1013 கடல் மட்டத்துக்குத் திருத்திய எண். அதை அந்த இடத்தின் நேரடி அமுக்கம் என்று போட்டுவிடக்கூடாது.

திசைகாட்டி
இப்படிக் கேள்வி கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ தரம் எழுதியாகிவிட்டது, பழைய இழைகளைப் படிப்பதற்கு ஒருவருக்கும் பொறுமையில்லை. குழலின் நீளம் என்ன? குண்டின் வேகம் கருவியில் அளந்ததா, பெட்டியில் அச்சடித்ததா? ஸ்கோப்பைத் திருப்பும் கோண அளவு மில்லா, எம்.ஓ.ஏ.யா? ஸ்கோப்பின் நடு குழலுக்கு மேலே எவ்வளவு உயரம்? தூரம் அளக்கும் கருவி யாரில் காட்டுகிறதா, மீற்றரிலா? 300இலும் 400இலும் எங்கே படுகிறது? ‘எல்லாம் சரியாகத்தான்’ என்பது தகவல் அல்ல.

கல்லடிப்பாலம்
அத்தானிடம் கேட்டேன். குழல் 20 அங்குலம். குண்டு சியரா மட்ச்கிங். வேகம் பெட்டியில் உள்ள, செக்கனுக்கு 2650 அடி. ஸ்கோப் எம்.ஓ.ஏ., உயரம் ஒன்றரை அங்குலம். 300இல் ஒன்றரை அங்குலம் கீழே, 400இல் 4, 500இல் 8. தூரக் கருவி யாரில்தான் காட்டுகிறது.

பௌதிகம்
இப்போது பேசலாம். யார், மீற்றர் குழப்பம் இல்லை. 500 மீற்றர் என்பது 547 யார், அப்படி மாறியிருந்தால் ஒரு அடிக்கு மேல் கீழே போயிருக்கும். ஜீரோவும் பிழைக்கவில்லை. ஜீரோ பிழைத்தால் பிழை தூரத்தோடு நேராக வளரும், 500இல் 8 என்றால் 300இல் 5 அங்குலம் அளவில் காட்டவேண்டும். உங்களுக்கு 300இல் கொஞ்சம், பிறகு சட்டென்று கூடுகிறது. குண்டு செயலி நினைப்பதைவிட மெதுவாகப் போகிறது. ஒன்றில் புறப்படும் வேகமே குறைவு, இல்லாவிட்டால் வழியில் இழுவை கூட.

திசைகாட்டி
வேகம்தான், சந்தேகமே வேண்டாம். பெட்டியில் உள்ளது 24 அங்குலக் குழலில் எடுத்தது. ஒரு அங்குலம் குறைந்தால் செக்கனுக்கு 20 முதல் 25 அடி குறையும். 20 அங்குலக் குழலில் 2550தான் வரும். 2550 போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

பௌதிகம்
குழலுக்குக் குழல் மாறும், பொதுக் கணக்கை வைத்து அட்டவணை அச்சடிக்காதீர்கள். கழகத்தில் வேகமானி இருக்கும், அத்தானைக் கேட்டு அளக்கச் சொல்லுங்கள்.

திசைகாட்டி
வகுப்பறைக் கணக்கு வேறு, திடலில் நிற்பது வேறு. நான் சொன்னது அனுபவம்.

காவல்பரண்
எனக்கு ஒரு கேள்வி. மட்ச்கிங் போட்டிக்குச் செய்த குண்டு, பெரும்பாலான வேட்டைக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று செய்கிற சியராவே சொல்கிறது. அதைக்கொண்டு 500 யாரில் மானுக்கு வெடி வைப்பதா? குண்டு போய்ச் சேர ஏறக்குறைய 0.7 செக்கன். அதற்குள் மான் ஒரு அடி எடுத்து வைத்தால் குடலில் படும். நாங்கள் 40 யாருக்கு அங்காலே நிற்கும் பன்றிக்குத் துவக்கை நீட்டுவதில்லை. காயம்பட்ட பன்றி பற்றைக்குள் கிடந்து துடித்துச் சாகும், தேடிப்போகிறவனையும் கிழிக்கும்.

தாண்டியடி
அண்ணன், நீங்கள் நீட்டுவதில்லை. எங்கள் பக்கம் அனுமதித் துவக்கு இல்லாதவன் என்ன செய்கிறான்? மிருகம் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு கட்டுகிறான், தீனிக்குள் பன்றி வெடி வைக்கிறான். குடலைப் பருவத்தில் ஒரு இரவுக்குள் அரை ஏக்கர் உழுதுவிட்டுப் போனால் அவனுக்கும் வேறு வழியில்லை. கனடாக் கணக்கை விட்டுவிட்டு இதைப் பேசுங்கள்.

காவல்பரண்
வழியில்லை என்று அதை நியாயப்படுத்தாதீர்கள். பன்றி வெடியை யானைக் குட்டி கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் பட்டினியில் சாகிறது. கட்டுத்துவக்கில் மாடு மேய்க்கப் போனவன் கால் போகிறது. அனுமதிக்கு விண்ணப்பம் போடுங்கள், கமக்கார அமைப்பு மூலம் கேளுங்கள், இரவுக்காவலை முறை வைத்துப் போடுங்கள். கஷ்டம்தான், எனக்கும் வயல் இருக்கிறது.

தாண்டியடி
விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும்போது பன்றி காத்திருக்காது அண்ணன்.

உன்னிச்சை
இடையில் ஒன்று. கல்லடிப்பாலம், பீசீ எண் (குண்டு காற்றின் இழுவையை எவ்வளவு வெல்கிறது என்பதைக் காட்டுவது) என்ன போட்டீர்கள்? அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஜி1, ஜி7 என்று ஒரு தெரிவு இருக்கும். அதில் எது?

கல்லடிப்பாலம்
0.462, குண்டு செய்தவர்கள் கொடுத்தது. தெரிவு ஜி7. தொடக்கத்திலேயே அப்படித்தான் இருந்தது.

உன்னிச்சை
அங்கேதான் பிழை. 0.462 என்பது ஜி1 எண். ஜி1 அடிப்பக்கம் தட்டையான பழைய குண்டை வைத்து எடுத்த அளவுகோல், ஜி7 நீண்டு பின்புறம் ஒடுங்கிய குண்டுக்கானது. இதே 168 கிரெயினுக்கு ஜி7 எண் 0.22 அளவில்தான் வரும். ஜி7இல் 0.462 போட்டால் காற்றின் இழுவை பாதியாகிவிட்டது என்று செயலி நம்பும். 500 யாரில் அந்த 8 அங்குலத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். 300இல் பெரிதாகத் தெரியாததற்கும் அதுதான் காரணம்.

திசைகாட்டி
மீதி வேகம். நான் சொன்னேன்தானே.

வாவிக்கரை
இடத்தையும் மாற்றிவிடுங்கள், அதை மறக்கவேண்டாம்.

கல்லடிப்பாலம்
நன்றி எல்லாருக்கும். ஜி1 ஆக்கினேன், இடம் மாற்றினேன். அத்தான் வேகமானியில் அளந்தார், 2610 வந்தது. 500இல் இப்போது குறிக்கு இரண்டு அங்குலத்துக்குள். காவல்பரண் அண்ணன் எழுதியதையும் காட்டினேன், மானுக்கு வேறு குண்டுதான், 250 யாருக்கு மேல் சுடுவதில்லை என்கிறார். 500 திடலுக்கு மட்டும். அட்டவணை அடிக்கப் போகிறேன்.

பௌதிகம்
பொறுங்கள், வேட்டைக்கு வேறு குண்டு என்றால் அதற்கு வேறு அட்டவணை. பீசீயும் மாறும், வேகமும் மாறும், 100 யாரில் படும் இடமும் மாறும். அந்தக் குண்டைக் கொண்டே ஜீரோ வைத்து அளக்கச் சொல்லுங்கள். நவம்பரில் -15 வரை போனால் அதே அமுக்கத்தில் காற்று 5 பாகையில் இருந்ததைவிட 8 வீதம் அளவில் கனக்கும், குளிரில் வெடிமருந்து தரும் வேகமும் குறையும். குளிருக்கென்று தனிப் பத்தி ஒன்று போடுங்கள். 250 யாருக்குள் பெரிய வித்தியாசம் வராது, ஆனால் திடலில் 500க்குத் தெரியும். எந்தக் குண்டு வாங்குகிறார் என்று தெரிந்தால் இங்கே எழுதுங்கள், ஜி1 எண்ணா ஜி7 எண்ணா என்பதையும் சேர்த்து.