பெலீஸில் பெர்மிட் மீன்: நண்டு ஃபிளை பின்னாலேயே வருகிறது, கடிக்காமல் திரும்பிவிடுகிறது. இழுக்கலாமா, விடலாமா?

ஒன்டாரியோ_தூண்டில்:
வணக்கம் நண்பர்களே. இங்கே ஆறுகளில் டிரௌட், ஸ்டீல்ஹெட் எல்லாம் ஃபிளையில் (கொக்கியில் நூல் சுற்றிக் கட்டும் போலி இரை) பிடித்துப் பழகியவன். போன மார்ச்சில் மத்திய அமெரிக்காவில் பெலீஸின் தெற்கே பிளசென்சியா பக்கம் கைடு வைத்துப் படகில் போனேன். போன்ஃபிஷ் மீன் நன்றாகவே கிடைத்தது. பெர்மிட்தான் மானத்தை வாங்கிவிட்டது. முழங்கால் ஆழத் தண்ணீரில் அரிவாள் மாதிரி கறுத்த வால் மேலே தெரியும், கைடு "பதினொரு மணிப் பக்கம், 50 அடி" என்பார் (படகின் முன்முனைதான் பன்னிரண்டு மணி), ஃபிளையும் ஓரளவு சரியாகவே போய் விழும், மீன் பார்த்துவிட்டு நேரே வரும், நான் இழுக்க இழுக்கப் பின்னாலேயே வந்து, படகு கண்ணில் பட்டதும் ஒதுங்கிப் போய்விடும். ஒரு தடவை "எடுத்துவிட்டது, எடுத்துவிட்டது" என்று கைடு கத்தினார், எனக்குக் கையில் ஒன்றுமே தெரியவில்லை. ராடைத் தூக்கினேன், ஃபிளை வெறுமனே வந்தது.

ஒரு கைடு இழு என்றார், மறுநாள் வந்தவர் தொடாதே என்றார். இந்த ஏப்ரலில் மறுபடி போகிறேன். 9 வெயிட் ராடு, 9 அடி லீடர் (லைன் முனையில் கட்டும் மெல்லிய நூல்), எடைக்கு ஈயக்கண் வைத்த பழுப்பு நிற நண்டு ஃபிளை. யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

கீஸ்_வாசி:
இழுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. நிஜ நண்டு என்ன செய்யும் என்று பாருங்கள். பெரிய மீனைக் கண்டதும் தரைக்குப் பாய்ந்து மணலிலோ கடற்புல்லிலோ பதுங்கப் பார்க்கும், நடுத்தண்ணீரில் 20 அடி நீந்தி ஊர்வலம் போகாது. உங்கள் ஃபிளை போயிருக்கிறது, அதனால்தான் மீனும் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறது. டெல் பிரவுன் ஃபிளையில் மட்டும் 500-க்கும் மேல் பெர்மிட் பிடித்தவர், எங்கள் ஃபுளோரிடா கீஸ் தீவுகள் பக்கம்தான் பெரும்பாலும். அவருடைய மெர்கின் ஃபிளையை உற்றுப் பாருங்கள்: கம்பள நூல், ரப்பர் கால்கள், கொக்கியின் கண் பக்கம் ஈயம். விட்டால் சாய்வாகச் சறுக்கித் தரைக்குப் போகும். அந்த இறக்கம்தான் அதன் வேலையே.

மீன் பார்த்துவிட்டது என்று தெரிந்தால் ஃபிளையைக் கீழே விழ விடுங்கள். லைன் தொய்வில்லாமல் மட்டும் இருக்கட்டும். பெர்மிட் தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி, உடம்பு லேசாக நடுங்கினால் அநேகமாக ஃபிளை அதன் வாயில் இருக்கிறது. கைக்கு எதுவும் தெரியாது, அதற்காகக் காத்திருந்தால் கதை முடிந்தது. அதன் தொண்டையில் நண்டின் ஓட்டை நொறுக்கும் தட்டுகள் இருக்கின்றன, நண்டை உறிஞ்சி அங்கே கொண்டுபோய் அரைக்கும், நூல் என்று தெரிந்த கணமே துப்பிவிடும். அதனால் உடம்பைப் பார்த்து, லைனை நிதானமாக நீளமாக ஓர் இழுப்பு. கனம் தட்டினால் அதே கையால் இன்னும் இறுக்குங்கள். ராடைத் தூக்குவது டிரௌட் பழக்கம், இங்கே அது ஃபிளையை வாயிலிருந்து பிடுங்கத்தான் உதவும்.

நண்டுக்கால்:
கீஸ்_வாசி அண்ணன் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. வால் தூக்கி மேய்கிற மீனுக்கு அது சரி, தலைக்கு ஓரிரு அடிக்குள் போட்டுவிட்டு விட்டுவிடலாம். ஆனால் ஆழமில்லாத திட்டு ஓரமாக வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் மீனுக்குத் தரையில் கிடக்கும் ஃபிளை கண்ணிலேயே படாது. அதற்கு ஐந்தாறு அடி முன்னால் போட்டு, கிட்டே வந்ததும் சின்னதாக ஓர் இழுப்பு, பார்த்துவிட்டது என்றால் உடனே நிறுத்தம். உங்கள் இரண்டு கைடுகளும் சொன்னது இரண்டு வேறு மீனுக்காக இருக்கலாம், சண்டையே இல்லை.

அப்புறம், எல்லாரும் ஃபிளை நிறம் பற்றியே பேசுகிறோம், எடைதான் முக்கியம். முழங்கால் ஆழத்தில் பெரிய ஈயக்கண் "பொளக்" என்று விழுந்தால் மீன் அடுத்த தீவில் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் எடை குறைந்த மணிச்சங்கிலிக் கண் கட்டினால் அது இறங்குவதற்குள் மீன் போய்விடும். மூன்று எடையில் கட்டிக்கொண்டு போங்கள், தண்ணீர் ஏற ஏற மாற்றுங்கள். பெலீஸ் தெற்கில் ஆழத்திலிருந்து திடீரென்று எழும் சின்னச் சின்னப் புல்திட்டுகள் நிறைய, கடல் ஏற்றத்தோடு மீன் மேலே ஏறி வரும். புல் என்பதால் கொக்கிக்குத் தடுப்பு நூல் கட்டுங்கள், நிறம் கொஞ்சம் பச்சை கலந்ததாக இருக்கட்டும்.

இன்னொன்று: திருக்கை மணலைக் கிளறிக்கொண்டு போனால் அதன் முதுகுக்கு மேலேயே ஒரு பெர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள். கிளம்பும் நண்டைப் பொறுக்க அது கூடவே போகும். மேய்ச்சலில் மும்முரமாக இருக்கும் மீன் அவ்வளவு சந்தேகப்படாது, எனக்குப் பிடித்த வாய்ப்பு அதுதான்.

ஒன்டாரியோ_தூண்டில்:
இரண்டு பேருக்கும் நன்றி. உடம்பு நடுங்கும் என்பதை யாருமே சொன்னதில்லை. லைன் ஸ்டீல்ஹெட்டுக்கு வாங்கிய மிதக்கும் லைன்தான், அது போதுமா? ஏப்ரல் பௌர்ணமி ஒட்டிய வாரம்தான் விடுமுறை கிடைக்கிறது, அது பரவாயில்லையா?

கீஸ்_வாசி:
லைனை மாற்றிவிடுங்கள். குளிர்த் தண்ணீருக்குச் செய்த லைன் அந்த வெயிலில் நூடுல்ஸ் ஆகி வளையங்களில் ஒட்டும், காற்றை எதிர்த்து ஒன்றும் வீச முடியாது. வெப்பக் கடலுக்கென்று விறைப்பான உள்நூல் உள்ள லைன் வேண்டும். லீடரை 10 முதல் 12 அடி ஆக்கி, முனையில் 16 அல்லது 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் நூல். ஃபிளையை வளைய முடிச்சில் கட்டுங்கள், ஆடி இறங்கட்டும்.

பௌர்ணமி விஷயம் கொஞ்சம் சிக்கல். வசந்த மாதங்களில் பௌர்ணமியை ஒட்டிப் பெரிய மீன்கள் திட்டை விட்டுப் பவளப்பாறை விளிம்புக்கு முட்டையிடப் போகும். பெலீஸில் கிளாடன் ஸ்பிட் அப்படி ஓர் இடம். எங்கள் பக்கம் கீ வெஸ்ட் அருகே வெஸ்டர்ன் டிரை ராக்ஸ், அங்கே 2021 முதல் ஏப்ரல் தொடங்கி ஜூலை முடியும்வரை மீன்பிடிக்கவே தடை. முட்டையிடக் கூட்டமாகக் கூடியிருக்கும் மீனைத் தூண்டிலில் மாட்டினால் சுறா பாதியிலேயே பறித்துவிடுகிறது, தடைக்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே முடிந்தால் ஒரு வாரம் தள்ளுங்கள். முடியாவிட்டாலும் போங்கள், எல்லா மீனும் ஒரே நாளில் கிளம்பிப் போவதில்லை.

மண்டபத்தான்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். படம் தேடிப் பார்த்தால் இது நம்ம பாரைக் குடும்பம்தானே! இதன் சொந்தக்கார மீனை, டிராகினோட்டஸ் பிளோக்கி, எங்கள் ஊர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2011-இல் குஞ்சு பொரிக்க வைத்தார்கள், இப்போது குளத்திலும் கூண்டிலும் வளர்க்கிறார்கள். தீவனம் போட்டால் மேலே வந்து மொய்க்கும். நீங்கள் என்னடா என்றால் ஒரு வாரம் வெயிலில் நின்று கெஞ்சுகிறீர்கள். பிடித்தால் குழம்புக்காவது ஆகுமா?

நண்டுக்கால்:
ஆகாது அண்ணே. பெலீஸில் 2009 முதல் பெர்மிட், போன்ஃபிஷ், டார்பன் மூன்றையும் பிடித்தால் திரும்ப விட்டே ஆக வேண்டும், சட்டம். விளையாட்டு மீன்பிடி உரிமமும் எடுக்க வேண்டும், ஒன்டாரியோ நண்பரே, கைடு எடுத்து வைப்பாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டினால் முதல் ஓட்டம் நேரே ஆழத்துக்குத்தான், காலடியில் கிடக்கும் லைனைப் பார்த்துக்கொண்டே இருங்கள், பாறை விளிம்பு வந்தால் ராடை உயரத் தூக்கிப் பிடியுங்கள். அப்போது தூக்கலாம். கைக்கு வந்ததும் வாலடியில் பிடியுங்கள், பிடிக்கத் தோதாக ஒடுங்கி இருக்கும். படத்துக்கு ஒரு நொடி தூக்கிவிட்டு, தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்து, அது தானாக உதறும்போது விடுங்கள்.